பழைய டீசல் பிக்கப்பும் தண்ணிக் கிண்ணமும்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான் போகிற வீதியோரம் சின்னதாக ஒரு கராச் வைத்திருக்கிறேன். வருகிறவற்றில் பாதிக்கு மேல் பழைய ஹைலக்ஸ், எல்200, நிசான், இசுசு பிக்கப்கள். நெல் மூட்டை, பசளை, தண்ணீர்ப் பம்பி, சில நேரம் கன்றுக்குட்டியோடு ஓடுகிற வாகனங்கள். ஐப்பசி மழை தொடங்கினால், டீசலுக்குள் தண்ணீர் சேர்வதைப் பற்றி ஒரே சந்தேகத்தை நாளுக்கு நாலு பேர் கேட்பார்கள். கையில் கிறீசோடு திரும்பத் திரும்பச் சொல்லி அலுத்துப்போய் இதை எழுதினேன். கேள்விகள் கேட்டவர்களின் வாயில் வந்தபடியே இருக்கின்றன. பதில்கள் 2எல், 3எல், 5எல், 4டி56, டிடி27, 4ஜேபி1 போன்ற பழைய எஞ்சின்களுக்கானவை. மிகக் கூடின அழுத்தத்தில் டீசலைப் பீச்சுகிற புதிய வகையான கொமன் ரெயில் எஞ்சினுக்கு வேறுபடுகிற இடத்தில் சொல்லியிருக்கிறேன்.

அண்ணை, டீசல் பில்டர் எண்டால் தெரியும். இந்தத் தண்ணி பிரிக்கிற சாமான் எங்க கிடக்கு?

பெரும்பாலான பழைய பிக்கப்களில் அது தனிச் சாமான் இல்லை. பொனற்றைத் திறந்தால் டீசல் பில்டர் தெரியும். அதன் தலையில் கையால் அமத்துகிற ஒரு பம்ப், அடியில் வயர் போகிற ஒரு மூடி, மூடியில் ஒரு சின்னத் திருகு. அந்த அடிப்பகுதிதான் தண்ணீர் தங்குகிற இடம். சில மொடல்களில் டாங்கிக்கும் பில்டருக்கும் நடுவில் தனிக் கிண்ணமாகவும் இருக்கும். ‘வோட்டர் செப்பரேற்றர்’, ‘செடிமென்ரர்’ என்று ஆளாளுக்கு ஒவ்வொரு பெயர். எங்கள் கராச்சில் ‘தண்ணிக் கிண்ணம்’.

வேலை செய்கிற விதம் எளிது. ஒரு லீற்றர் தண்ணீர் ஒரு கிலோ. ஒரு லீற்றர் டீசல் 820 தொடக்கம் 860 கிராம் வரைதான் வரும். ஆகவே தண்ணீர் கீழே இறங்கும். பில்டருக்குள் டீசலின் வேகம் குறைகிறது. கடதாசி தண்ணீரை ஒட்டவிடாதபடி பதப்படுத்தப்பட்டது. சின்னத் துளிகள் ஒன்றுசேர்ந்து கனத்து அடிக்கு விழுகின்றன. அங்கே அவை தங்குமே தவிர, தானாக வெளியே போகாது. திறந்துவிட வேண்டியது நாங்கள். இதைத்தான் அதிகம் பேர் மறக்கிறார்கள்.

கொஞ்சத் தண்ணி போனால் என்ன? ஆவியாப் போகாதோ?

டீசலை அழுத்தி எஞ்சினுக்கு அனுப்புவது இன்ஜெக்டர் பம்ப். பழைய வகைப் பம்புக்குத் தனியாக ஒயில் இல்லை. உள்ளே உரசுகிற பாகங்களுக்கு டீசலேதான் ஒயில். அந்தப் பாகங்களுக்கிடையில் உள்ள இடைவெளி ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் சில பங்கு. அதற்குள் தண்ணீர் போனால் வழுக்கல் போய்விடும், பிறகு துரு. எஞ்சினுக்குள் டீசலைப் பீச்சுகிற நொசிலின் நுனியில் தண்ணீர் சட்டென்று ஆவியாகி நுனியையே தின்னும்.

கொமன் ரெயில் வாகனம் என்றால் இன்னும் மோசம். பழைய நொசில் நூற்றுச் சொச்சம் பார் அழுத்தத்தில் திறக்கும். கொமன் ரெயிலில் அழுத்தம் ஆயிரம் பாருக்கும் மேல் போகும். பழைய எஞ்சின் இருமி இருமி வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்க்கும். புதியது நடுவீதியில் நிற்கும்.

நான் செட்டிலதானே டீசல் அடிக்கிறன். தண்ணி எங்கால வருது?

எல்லாருக்கும் முதலில் செட்டின் (எரிபொருள் நிரப்பு நிலையத்தின்) மேல்தான் சந்தேகம். என் அனுபவத்தில் பத்தில் ஏழு தடவை தண்ணீர் வந்தது சொந்த முற்றத்திலிருந்துதான். மூடி இறப்பர் வெடித்த டாங்கி, மழைக்குள் திறந்து வைத்து ஊற்றின கான், உழவு இயந்திரத்துக்கு வைத்திருந்த பரல். 2022 எரிபொருள் தட்டுப்பாட்டு நாட்களில் கியூஆர் கோட்டாப் பங்கீட்டுக்கு அடித்ததைக் கானிலும் பரலிலும் சேர்த்து வைத்த பழக்கம் பல வீடுகளில் இன்னும் போகவில்லை.

காற்றில் உள்ள ஈரமும் ஒரு வழி. டாங்கி காலியாக இருந்தால் உள்ளே காற்று நிறைய. மார்கழி, தைப் பனியில் இரவு தகரம் குளிரும்போது உள்ளே வியர்க்கும். ஒரு இரவுக்குச் சொட்டுக்கணக்குத்தான். ஆனால் வாகனத்தைக் கால் டாங்கியோடு ஒரு மாதம் நிறுத்தி வைப்பவர்களுக்கு அது சேரும். நிறுத்தி வைப்பதென்றால் நிரப்பி நிறுத்துங்கள்.

எத்தனை நாளைக்கொருக்காத் திறந்து விடோணும்?

மழைக்காலத்தில் கிழமைக்கு ஒருமுறை, வெயில் காலத்தில் மாதத்துக்கு ஒருமுறை. பரல் டீசல் ஊற்றினால் அடுத்த நாள் காலையில் கட்டாயம். இது நான் வைத்த கணக்கு. மூன்று தடவை தொடர்ந்து சுத்த டீசல் மட்டும் வந்தால் நாளை நீட்டலாம். ஒரு தடவை தண்ணீர் கண்டால் மறுபடி குறுக்க வேண்டும்.

நேரம் முக்கியம். காலையில், ஸ்ராட் பண்ண முதல். ஓடி வந்த கையோடு திறந்தால் தண்ணீர் கலங்கி டீசலோடு நிற்கும், கையும் சுடும். இரவு முழுக்க அசையாமல் நின்றால் எல்லாம் அடியில் இறங்கியிருக்கும்.

திறந்தன், ஒண்டுமே வருகுதில்லை. அடைச்சுப் போச்சோ?

பெரும்பாலும் அடைப்பு இல்லை. பழைய பிக்கப்களில் டாங்கி கீழே, பில்டர் மேலே. டீசல் உறிஞ்சித்தான் மேலே வருகிறது. வாய் மூடின போத்தலைக் கவிழ்த்தது மாதிரி, அடித் திருகைத் திறந்தாலும் மேலே காற்று போக வழி இல்லாததால் ஒன்றும் விழாது. தலையில் உள்ள கைப்பம்பை அமத்த வேண்டும்.

நான் செய்கிற மாதிரியைச் சொல்கிறேன். திருகின் வாயில் ஒரு சாண் இறப்பர் குழாய் மாட்டி, மறுமுனையை வெறும் தெளிந்த போத்தலுக்குள் விடுவேன். இல்லாவிட்டால் டீசல் ஒல்ரனேற்றரின் மேல் வழியும். திருகைக் கையால் இரண்டு மூன்று சுற்றுத் தளர்த்துவேன். பிறகு பம்பை ஆறுதலாக அமத்துவேன். முதலில் வருவதுதான் தண்ணீர்: திக்கித் திக்கி, நிறமில்லாமல். பிறகு டீசலின் நிறம் வரும். நிறம் மாறின பிறகும் அரைக் கோப்பை அளவு விட்டுவிட்டுத் திருகை இறுக்கி, பம்ப் கல்லு மாதிரி ஆகும் வரை அமத்துவேன். அதன் பிறகுதான் சாவி.

திருகை இறுக்கக் கை விரல் போதும். பல மொடல்களில் அது பிளாஸ்ரிக். போன மாரியில் ஒரு தம்பி குறட்டால் இறுக்கி, மயிரிழை அளவுக்கு வெடித்துவிட்டது. வெளியே ஒரு சொட்டும் ஒழுகவில்லை, காற்றை மட்டும் உறிஞ்சியது. காலையில் ஸ்ராட் வராத காரணத்தைத் தேடி அவரும் நானும் இரண்டு நாள் மினைக்கெட்டோம்.

போத்தலுக்க வந்தது தண்ணியோ டீசலோ எண்டு பிடிபடுகுதில்லை.

பத்து நிமிடம் அசைக்காமல் வெளிச்சத்துக்கு எதிரே வையுங்கள். தண்ணீர் இருந்தால் நடுவில் ஒரு கோடு விழும். கோட்டுக்குக் கீழே தண்ணீர். கோடே இல்லாவிட்டால் இரண்டு விளக்கம்: முழுக்க டீசல், அல்லது முழுக்கத் தண்ணீர். சிரிக்காதீர்கள். போத்தல் நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டு ‘சுத்தமான டீசல் அண்ணை’ என்று சொன்னவரும் இருக்கிறார்.

சந்தேகமென்றால் அடுக்களையிலிருந்து கேசரிப் பவுடர் ஒரு சிட்டிகை எடுத்துப் போடுங்கள். அது தண்ணீரில் கரையும், டீசலில் கரையாது. அடியில் நிறம் பரவினால் தண்ணீர். பால் மாதிரிக் கலங்கி நின்றால் தண்ணீர் மிக நுண்ணிய துளியாகக் கலந்திருக்கிறது. ஒரு நாள் வைத்துப் பாருங்கள். அப்போதும் தெளியாவிட்டால் அந்த டீசலை மறுபடி டாங்கிக்குள் ஊற்ற வேண்டாம்.

தண்ணி லைற் எரியேல்லைத்தானே. பிறகேன் திறப்பான்?

அந்த லைற்றை நம்பினவர்களின் பம்ப்தான் என் மேசைக்கு அதிகம் வருகிறது. பில்டரின் அடி மூடிக்குள் ஒரு மிதவை இருக்கும். அது டீசலில் தாழும், தண்ணீரில் மிதக்கும். தண்ணீர் குறித்த அளவுக்கு ஏறினால் மிதவையும் மேலே வந்து உள்ளிருக்கும் சுவிச்சைச் சேர்க்கும், லைற் எரியும். இருபது, முப்பது வருட வாகனத்தில் மிதவையைச் சுற்றி அழுக்குப் பிடித்து அது அசையாது. வயர் அறுந்திருக்கும். சிலர் பில்டர் மாற்றும்போது வயரைக் கொழுவவே மறந்துவிடுவார்கள். பல்ப் எரிந்துபோன டாஷ்போட்டும் உண்டு.

பார்க்கிற விதம்: சாவியை ‘ஒன்’ நிலைக்குத் திருப்பினால் லைற் ஒருமுறை எரிந்து, ஸ்ராட் ஆனதும் அணைய வேண்டும். அது எரியாவிட்டால் பல்ப், அல்லது பல்ப்புக்குப் போகிற லைன். அது எரிந்தால், அடுத்த தடவை பில்டர் மாற்றும்போது அடி மூடியைக் கழற்றித் துடைத்து, வயரைக் கொழுவி, எஞ்சினை ஸ்ராட் பண்ணாமல் சாவியை மட்டும் திருப்பி, மூடியைத் தலைகீழாகப் பிடியுங்கள். மிதவை நுனிக்கு விழுந்து லைற் எரிய வேண்டும். தலைகீழாகப் பிடித்தும் மிதவை அசையாவிட்டால் சுத்த டீசலில் கழுவிப் பாருங்கள். சுரண்ட வேண்டாம்.

ஓடிக்கொண்டிருக்கேக்க எரிஞ்சிட்டுது. நான் அப்ப புளியங்குளம் தாண்டீட்டன்.

பழைய எஞ்சின் என்றால் அடுத்த நிழலில் ஒதுக்கி, கால் மணித்தியாலம் ஆறவிட்டு, மேலே சொன்ன மாதிரித் திறந்து விடுங்கள். லைற் அணைந்தால் ஓடலாம். மறுபடி உடனே எரிந்தால் டாங்கிக்குள்ளேயே தண்ணீர் நிற்கிறது; கிண்ணத்தை வடிப்பதால் தீராது. கொமன் ரெயில் என்றால் ‘இன்னும் பத்துக் கிலோமீற்றர்தானே’ என்ற எண்ணமே வேண்டாம். உடனே நிறுத்துங்கள்.

மேடு பள்ளத்தில் கணநேரம் மின்னி அணைவது வேறு. அது தண்ணீர் எல்லைக்குக் கிட்ட வந்துவிட்டதற்கு அறிகுறி. அடுத்த காலையே வடியுங்கள்.

பில்டரை எப்ப மாத்திறது? புதுசுக்க டீசல் நிரப்பிப் பூட்டினால் சுகம்தானே?

பல வாகனங்களின் கையேட்டில் 20,000 கிலோமீற்றர் என்றிருக்கும். எங்கள் கிரவல் ஒழுங்கைப் புழுதிக்கும் பரல் டீசலுக்கும் நான் 10,000 சொல்வேன். கிண்ணம் நிறையத் தண்ணீர் கண்டால் கிலோமீற்றர் பார்க்காமல் மாற்றுங்கள். நனைந்து ஊறின கடதாசி காய்ந்து பழையபடி வராது.

நிரப்பிப் பூட்டுவதில் ஒரு பிழை இருக்கிறது. நடு ஓட்டை வழியாக ஊற்றினால் அது வடித்த பக்கம். கானிலிருந்து ஊற்றிய வடிக்காத டீசல் நேரே பம்புக்குப் போகும். நடுவைப் பொத்திக்கொண்டு சுற்றியுள்ள சின்ன ஓட்டைகளால் ஊற்றுங்கள், அல்லது வெறுமையாகப் பூட்டிக் கைப்பம்பால் நிரப்புங்கள். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். கை நோகும், வேறு ஒன்றும் இல்லை. இறப்பர் வளையங்களுக்கு டீசல் பூசி, வளையம் தொட்ட பிறகு கையால் முக்கால் சுற்று. அடி மூடியின் வளையத்தையும் மாற்றுங்கள். புதுப் பில்டர்ப் பெட்டிக்குள் அது கிடக்கும், பலர் பெட்டியோடு எறிவார்கள்.

பில்டர் மாத்தினன், இப்ப ஸ்ராட்டே வருகுதில்லை.

காற்றுப் பிடித்திருக்கிறது. முதலில் கைப்பம்பை இறுகும் வரை அமத்துங்கள். முப்பது நாற்பது தடவையும் ஆகலாம். பிறகும் வராவிட்டால் இன்ஜெக்டருக்குப் போகிற பைப் நட்டுகளில் இரண்டை அரைச் சுற்றுத் தளர்த்தி, ஒருவர் ஸ்ராட் அடிக்க நுரை போய் டீசல் வரும்போது இறுக்குங்கள். ஒரு தடவைக்கு 15 விநாடிக்கு மேல் அடிக்க வேண்டாம். பற்றரியும் ஸ்ராட்டர் மோட்டரும் ஆறட்டும். அந்த நட்டுகளுக்குக் கிட்டக் கையைக் கொண்டுபோகாதீர்கள். அழுத்தத்தில் பீறும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். அப்படி நடந்தால் காயம் சின்னதாகத் தெரிந்தாலும் நேரே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கொமன் ரெயிலில் இந்தப் பைப் தளர்த்துகிற வேலை கூடவே கூடாது.

பம்ப் எவ்வளவு அமத்தியும் இறுகாவிட்டால் எங்கோ காற்று உறிஞ்சுகிறது. வெடித்த அடித் திருகு, மடிந்த வளையம், காய்ந்து வெடித்த இறப்பர்க் குழாய், கைப்பம்பின் உள் இறப்பர், இந்த ஒழுங்கில் பாருங்கள். பில்டரிலிருந்து பம்புக்குப் போகிற குழாய்க்குப் பதில் ஒரு துண்டு தெளிந்த குழாய் மாட்டினால் குமிழி ஓடுவது கண்ணுக்குத் தெரியும்.

தண்ணியோட கறுப்பா சளி மாதிரி ஒரு சாமான் வருது. ஒயிலோ?

ஒயில் இல்லை, உயிர். தண்ணீரும் டீசலும் சந்திக்கிற கோட்டில் நுண்ணுயிர்களும் பூஞ்சணமும் வளரும். அவை தண்ணீரில் குடியிருந்து டீசலைத் தின்னும், புளிப்பை விடும், டாங்கித் தகரத்தை அரிக்கும். எங்கள் வெக்கை அவைக்கு நல்ல வசதி. கையில் எடுத்தால் வழுவழுவென்று, புளித்த நாற்றத்தோடு இருக்கும். துரு என்றால் விரலில் நறநறக்கும். வித்தியாசம் அதுதான்.

பில்டரை மட்டும் மாற்றினால் இரண்டு கிழமையில் அதுவும் அடைக்கும். டாங்கியை இறக்கிக் கழுவி, கிருமிக்கான மருந்து கிடைத்தால் போத்தலில் சொன்ன அளவுக்கு விட்டு, பில்டரைச் சில நூறு கிலோமீற்றருக்குள் இன்னொரு தடவை மாற்ற வேண்டும். இறக்கின டாங்கியில் ஓட்டை கண்டால் வெல்டிங்காரரிடம் நேரே கொண்டுபோக வேண்டாம். உள்ளே நிற்கிற ஆவி வெடிக்கும். அந்த வேலை தெரிந்தவர்கள் முதலில் கழுவி, ஆவி போக்கிய பிறகுதான் நெருப்புக் காட்டுவார்கள்.

பரலில வைக்காமல் விவசாயம் செய்யேலாது. எப்படி வைக்கிறது?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிக நேரம் செலவழிப்பேன். நிமிர்த்தி வெளியில் வைத்த பரலின் மேற்தட்டில் விளிம்புக்குள் மழைத்தண்ணீர் தேங்கும். பகலில் வெயிலில் உள்ளே காற்று விரிந்து மூடித் திருகு வழியாக வெளியே போகும். இரவு குளிர உள்ளே இழுக்கும். இழுக்கும்போது மூடியைச் சுற்றித் தேங்கி நிற்கிற தண்ணீரையும் சேர்த்து இழுக்கும். மூடி இறுக்கமாகத்தானே இருந்தது என்பார்கள். இருந்தாலும் இழுக்கும்.

ஆகவே கூரைக்குக் கீழே வையுங்கள். முடியாவிட்டால் படுக்க வைத்து, இரண்டு மூடியும் ஒரே மட்டத்தில் இடம் வலமாக நிற்கிற மாதிரி உருட்டி வையுங்கள். மூடி டீசலுக்குக் கீழே இருக்கும், காற்று வழி இல்லை. எடுக்கும்போது நிமிர்த்தி, ஒரு பக்கத்துக்குப் பலகைத்துண்டு கொடுத்துச் சரித்து, ஒரு நாள் விட்டு, குழாயை உயர்ந்த பக்கத்தில் அடியிலிருந்து மூன்று நான்கு விரல் உயரத்தில் பிடித்து இழுங்கள். கடைசி நாலைந்து லீற்றரைப் பிக்கப்புக்கு ஊற்றவே வேண்டாம். கானுக்கும் இதே ஞாயம்: கடைசிச் சொட்டு வரைக்கும் கவிழ்க்கிற சிக்கனம் பில்டர்க் காசாகத் திரும்பி வரும்.

கொஞ்சம் மண்ணெண்ணெய், இல்லாட்டி ஸ்பிறிற் விட்டால் தண்ணி எரிஞ்சு போகுமாம். உண்மையோ?

மண்ணெண்ணெய் தண்ணீரை ஒன்றும் செய்யாது. போர்க்காலப் பொருளாதாரத் தடை நாட்களில் பெற்றோலைச் சொட்டு விட்டு ஸ்ராட் பண்ணி, மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டின ஊர் இது. அந்த நம்பிக்கை எங்களுக்குள் ஊறிக் கிடக்கிறது. அது பெற்றோல் எஞ்சின். டீசல் பம்புக்கு மண்ணெண்ணெய் வழுக்கல் போதாது.

ஸ்பிறிற் இன்னும் மோசம். தண்ணீரை அது தன்னோடு கலந்து பில்டர்க் கடதாசியைத் தாண்ட வைக்கும். கிண்ணம் பிடித்து வைக்க வேண்டியதை நீங்களே பம்புக்குள் அனுப்பி வைக்கிறீர்கள். கிண்ணத்தில் தண்ணீர் குறைந்திருக்கும், அதைப் பார்த்து மருந்து வேலை செய்தது என்பார்கள்.

வெள்ளத்துக்க நிண்ட வாகனம். ஸ்ராட் பண்ணிப் பாக்கவோ?

பண்ணிப் பார்க்காதீர்கள். 2018 டிசம்பரில் இரணைமடு வான்கதவுகள் திறந்த நேரம் கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் வெள்ளம் ஏறினது நினைவிருக்கும். அதற்குப் பிறகு வந்த வாகனங்களில் தப்பினவை ஸ்ராட் பண்ணாமல் கட்டி இழுத்து வந்தவை. டாங்கி மூடி நன்றாக இருந்தாலும் காற்றுப் போகிற சின்னக் குழாய் வழியாகத் தண்ணீர் ஏறும். டாங்கியின் அடி நட்டைக் கழற்றி வடித்து, பில்டரை மாற்றி, லைனை ஊதி, எயர் கிளீனரையும் எஞ்சின் ஒயிலையும் பார்த்த பிறகுதான் சாவி.

கண்ணாடிக் கிண்ணம் வைச்ச மேலதிக பில்டர் ஒண்டு பூட்டினால்?

நல்லது, சரியாகப் பூட்டினால். டாங்கிக்கும் உள்ள பில்டருக்கும் இடையில் வர வேண்டும். கடதாசி 30 மைக்ரோன் (ஒரு மைக்ரோன் மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவு போதும். நுண்ணிய வேலையை உள்ள பில்டர் செய்யட்டும். புகைக்குழாய்க்குத் தள்ளி, கல் அடிக்காத இடத்தில். ஒவ்வொரு புது இணைப்பும் காற்று உறிஞ்சக்கூடிய இன்னொரு இடம் என்பதால் நல்ல கிளிப் போடுங்கள். மோட்டார் சைக்கிளுக்குப் போடுகிற சின்னப் பிளாஸ்ரிக் பில்டரை டீசல் லைனில் சொருகுகிறவர்களுக்கு: அது தண்ணீரைப் பிரிக்காது, ஓட்டத்தை மட்டும் குறைக்கும்.

செட்டில தண்ணி கலந்து அடிச்சிட்டினம். எப்படிக் கேக்கிறது?

ஒருமுறை எனக்கே நடந்தது. நல்ல மழைக்கு அடுத்த நாள், ஒரு செட்டில் அடித்து இரண்டு கிலோமீற்றரில் வெள்ளைப் புகை, எஞ்சின் தட்டல், நின்றுவிட்டது. நான் கோபத்தில் முழு டாங்கியையும் வடித்துவிட்டுப் போய்க் கேட்டேன். கையில் காட்ட ஒன்றும் இல்லை. ‘உங்கட டாங்கித் தண்ணி’ என்றார்கள். பதில் சொல்ல முடியவில்லை.

இப்போது சொல்வேன்: பில்லை வையுங்கள், கிண்ணத்தில் வந்ததை இன்னொருவர் பார்க்கத் தெளிந்த போத்தலில் எடுத்துத் திகதி எழுதுங்கள், அதே நாளில் போங்கள். நிலத்தடித் தாங்கியில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்க அளவுகோலில் பூசுகிற பசை ஒன்று உண்டு. தண்ணீர் பட்டால் நிறம் மாறும். அதைப் போட்டு உங்கள் முன்னால் அளந்து காட்டச் சொல்லிக் கேட்கலாம். கிழமைக் கிழமை வடித்துப் பார்த்த பழக்கம் உள்ளவருக்கு இங்கேயும் ஒரு பலம்: போன கிழமை சுத்தமாக இருந்தது என்று துணிந்து சொல்லலாம்.

வடிச்சதை எங்க ஊத்திறது?

கிணற்றடியில் மட்டும் ஊற்றாதீர்கள். கைப்பிடியளவு டீசலே நாற்றத்தைக் கிணற்றுத் தண்ணீருக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும். ஒரு கானில் சேருங்கள். தெளிந்த பிறகு மேலே நிற்கிற டீசலில் நட்டுக் கழுவலாம், கழிவு ஒயிலோடு கலந்து கறையான் ஏறாமல் வேலிக்கட்டைகளை நட முதல் பூசலாம்.

பழைய ஹைலக்ஸ் ஒண்டு வாங்கப் போறன். என்னத்தைப் பாக்க?

பெயின்ரைப் பிறகு பாருங்கள். காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது வருவதாகச் சொல்லி, கையோடு ஒரு வெறும் போத்தலும் இறப்பர் குழாய்த் துண்டும் கொண்டுபோங்கள். அடித் திருகைத் திறக்கலாமா என்று கேளுங்கள். திருகு சுகமாகத் திரும்பி சுத்த டீசல் வந்தால், அந்த வாகனத்தை ஒருவர் பார்த்து வந்திருக்கிறார். திருகு துருவேறி இறுகிக் கிடந்தால் இன்ஜெக்டர் பம்ப் வேலைக்கான காசையும் விலையில் கழித்துக் கேளுங்கள். உரிமையாளர் ‘அதெல்லாம் திறக்கிறேல்லைத் தம்பி, கொம்பனி பூட்டினபடி கிடக்கு’ என்று பெருமையாகச் சொன்னால், தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வந்துவிடுங்கள்.